அப்பாவின் பள்ளிக்காலத்து எம்ஜி காரை இப்போது வாங்கித் தரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு வரும் மார்ச்சில் 72 வயது. சிங்கப்பூரின் வடக்கே, செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கப்பற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1967 முதல் 1970 வரை அங்கேயே உயர்நிலைப் பள்ளி படித்தவர். பள்ளிக்கூடக் கதை எதை எடுத்தாலும், கான்பரா ரோட்டில் கூரையை மடக்கிவிட்டுப் போகும் எம்ஜி என்ற ஒரு சிவப்பு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில்தான் கொண்டுவந்து முடிப்பார். பிள்ளைகள் மூன்று பேரும் பணம் போட்டு அப்படி ஒன்றை வாங்கிப் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்கள். முடியுமா, என்ன கார் பார்க்கலாம், என்னென்ன தொல்லை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க முடியும், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அப்பாவை ஒருமுறையாவது அப்படிப்பட்ட காரில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வராமல் வாங்காதீர்கள். அதற்குப் பிறகும் வாங்கியே தீருவது என்றால், எம்ஜி வாங்காதீர்கள். பழைய பிரிட்டிஷ் கார்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணத்தைச் சொல்ல, கொஞ்சம் ஊர்க்கதையும் கொஞ்சம் இரும்புக்கதையும் தேவைப்படும்.

பள்ளிக்கூடமும் ஓப்பன் காரும் சேர்ந்த ஏக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பல மாநிலங்களில் 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைத்துவிடும். ஹைஸ்கூல் பையனே சாவியைச் சுழற்றிக்கொண்டு வருவான். இங்கே கார் லைசென்ஸுக்கு 18 ஆக வேண்டும்; உயர்நிலை நான்கை முடிக்கும்போது நம் பிள்ளைகளுக்கு 16தான். உங்கள் அப்பாவின் செட்டில் யாரும் பள்ளிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்க வாய்ப்பே இல்லை. நடை, சைக்கிள், பஸ், அவ்வளவுதான். 18 வந்ததும் தேசிய சேவை. 1967இல் தொடங்கிய திட்டம் அது, அவர் வயதுப் பையன்களில் பலர் அதில் போனவர்கள். காற்று முகத்தில் அடிக்க அவர்கள் போன முதல் வண்டி அநேகமாக ராணுவத்தின் மூன்று டன் லாரியாகத்தான் இருக்கும்.

அமெரிக்கப் பாணிக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது என்றால் ஜூரோங் டிரைவ்-இன் திரையரங்கு. 1971 ஜூலையில் கேத்தே நிறுவனம் யுவான் சிங் சாலையில் திறந்தது, 1985 வரை நடந்தது. 899 கார்கள் நிற்கலாம். கார் இல்லாமல் நடந்து வருகிறவர்களுக்கும் 300 பேருக்கு இடம் வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த 300இல்தான். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

ஆக, அவர் ஏங்குவது தன்னிடம் இருந்து கைவிட்டுப் போன காருக்காக அல்ல. சாலையோரத்தில் புத்தகப் பையோடு நின்று பார்த்த, இன்னொருவருடைய காருக்காக. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பரிசு எதுவாக இருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

அந்த இன்னொருவர் யார் என்பதில் அதிக சந்தேகம் இல்லை. பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி, அல்லது பக்கத்து விமானப்படைத் தளத்துக்காரர். அரசர் ஆறாம் ஜார்ஜ் பெயர் கொண்ட உலர்துறை 1938இல் திறக்கப்பட்டதிலிருந்து அந்த வட்டாரமே தளத்தை நம்பித்தான் இருந்தது. தமிழர்களும் மலையாளிகளும் பட்டறைகளிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். அதிகாரிகள் கறுப்பு வெள்ளை பங்களாக்களில் இருந்தார்கள். இரண்டு உலகமும் சந்தித்த இடம் சாலைதான். இங்கே இரண்டு மூன்று வருடம் பணி, கையில் காசு, வருடம் முழுக்க வெயில்: இளம் அதிகாரி ஸ்போர்ட்ஸ் கார் வாங்காமல் இருப்பானா? இங்கிலாந்தில் ஒன்பது மாதம் மூடியே வைக்க வேண்டிய கூரையை இங்கே தினமும் மடக்கலாமே.

சரி, அது எந்த எம்ஜி? இது தெரியாமல் பலர் தப்பான காரை வாங்கிவிடுகிறார்கள். எம்ஜி என்பது கம்பெனியின் பெயர். அந்த நான்கு வருடத்தில் நம் சாலைகளில் அதன் நான்கைந்து மாடல்களாவது ஓடியிருக்கும். அப்பாவிடம் மாடல் பெயர் கேட்டால் பதில் வராது. நான் சொல்கிறபடி கேளுங்கள்.

முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டு தனியாக வளைந்து, கதவுக்குக் கீழே படிக்கட்டுப் பலகை போல நீண்டு போனதா? முன்விளக்குகள் தனித்தனிக் கிண்ணமாக நின்றனவா? அப்படியென்றால் டி வரிசை. 1950க்கும் 1953க்கும் நடுவில் வந்த டிடி, அல்லது அதற்கடுத்த டிஎஃப். டிஎஃபில் விளக்குகள் மட்கார்டோடு சேர்ந்துவிட்டன. 1967இலேயே அவை பழைய கார்கள்தான். ஆனால் இளம் அதிகாரிகள் ஆசைப்பட்டு வாங்கும் விலையில் இருந்திருக்கும்.

உடம்பு முழுக்க வழுவழுவென்று உருண்டு இருந்ததா? அப்படியானால் அடுத்த கேள்வி: கதவை வெளியிலிருந்து எப்படித் திறந்தார்கள்? 'கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுப்பார்கள்' என்று சொன்னால் அது எம்ஜிஏ, 1955 முதல் 1962 வரை வந்தது. திறந்த எம்ஜிஏவில் வெளிப்பக்கக் கைப்பிடியே கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழைக்குச் சொருகும் பக்கத் திரைதான். 'சாதாரணக் கார் மாதிரிக் கைப்பிடி இருந்தது, கண்ணாடியைச் சுற்றி ஏற்றுவார்கள்' என்றால் எம்ஜிபி. 1962இல் வந்து 1980 வரை ஓடிய மாடல் அது. மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆகவே உங்கள் அப்பா பார்த்தது இதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

'குட்டியூண்டு கார், முன்னாடி ரெண்டு கண்ணு தவளை மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கும்' என்று சிரித்தால் அது எம்ஜியே இல்லை, ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். 1958 முதல் 1961 வரை வந்த அந்த முதல் வகையில் பின்பக்கப் பெட்டிக்கு மூடியே இருக்காது. இருக்கையை முன்னால் சாய்த்து உள்ளே கையை விட்டுத்தான் சாமான் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட விவரங்கள் அறுபது வருடம் கழித்தும் மறக்காது. பையன்கள் அதைத்தான் பார்ப்பார்கள். பெயர்ப்பலகையைப் பெரியவர்கள் பார்ப்பார்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: அவர் நினைவில் இருப்பது கான்பரா ரோட்டுக் கார் மட்டுமாக இல்லாமல், அப்பர் தாம்சன் பந்தயத்துக் காராகவும் இருக்கலாம். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையிலும் பழைய அப்பர் தாம்சன் சாலையிலும் கிராண்ட் பிரீ நடந்தது. சுற்று ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர். ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதி. செம்பவாங் ரோடும் மண்டாய் ரோடும் சேரும் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. காட்டுக்குள் 'பாம்பு' என்றும் 'பிசாசு வளைவு' என்றும் பெயர் வைத்த திருப்பங்கள். செம்பவாங் பையன்களுக்கு அது வாசலில் நடந்த திருவிழா. முக்கியப் பந்தயம் லோட்டஸ், பிரபம் மாதிரியான ஒற்றை இருக்கை வண்டிகளுக்கு. உங்கள் அப்பா பள்ளியில் இருந்த 1969, 1970 இரண்டு வருடமும், அடுத்த 1971இலும் நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ்தான் ஜெயித்தார். துணைப் பந்தயங்களில் ஸ்போர்ட்ஸ் கார்களும் ஓடின. சாலையோரக் கம்பமும் மழைக்காலக் கால்வாயும் அப்படியே இருக்க, பொதுச் சாலையில் நடந்த பந்தயம் அது, ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். 1973க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான்.

இத்தனை கார்கள் இருந்த ஊரில் இப்போது ஏன் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். 1968 ஜனவரியில் பிரிட்டன் படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாக அறிவித்தது. 1971 அக்டோபர் கடைசிக்குள் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். போகிறவர்கள் விற்றுவிட்டுப் போன கார்களை உள்ளூர்க்காரர்கள் வாங்கி ஓட்டினார்கள். ஆனால் அதே 1968இல்தான் கூடுதல் பதிவுக் கட்டணம் வந்தது. முதலில் காரின் மதிப்பில் 15 விழுக்காடு. ஏறி ஏறி 1975இல் 100 விழுக்காட்டைத் தொட்டது. அதே வருடம் ஜூனில் நகருக்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வருடக் கடைசியில் பழைய காரைக் கழித்துவிட்டுப் புதிது எடுத்தால் கட்டணத்தில் சலுகை என்ற திட்டம். பத்து வயதைத் தாண்டவிடாமல் காரை உடைத்துப் போடுவதுதான் லாபம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு எம்ஜி அரும்பொருள் இல்லை, ஒழுகுகிற பழைய கார். உடைத்தார்கள். 1990 மேயில் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், வந்தபோது உடைப்பதற்கே அதிகம் மீதி இல்லை.

இன்றைய விதி எளிமையானதுதான். சாதாரணமாக மூன்று வயதுக்கு மேற்பட்ட காரைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. 35 வயதைக் கடந்த காருக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டத்தில் பதியலாம். முழு சிஓஇ கட்ட வேண்டாம், அதில் ஒரு சிறு பங்குதான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனதை நினைத்தால் இந்தச் சலுகையின் அருமை தெரியும். பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு: வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். 1940க்கு முன் செய்த கார்களுக்கு வேறு திட்டம், அதில் 28 நாள்; உங்களுக்கு அது தேவைப்படாது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆணையத்தின் இணையத்தளத்தில் அன்றைய கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

45 நாள் போதுமா என்று பலர் முகம் சுளிப்பார்கள். போதும். பழைய ஓப்பன் காரை அதற்கு மேல் எடுக்கிற தெம்பு பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. உண்மையான தலைவலி நிறுத்துமிடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டுத் திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில் துணிக்கூரைக் காரை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்தால், துணி சுருங்கும், பின்பக்கப் பிளாஸ்டிக் சன்னல் மஞ்சளாகி வெடிக்கும், தரைவிரிப்புக்குக் கீழே தண்ணீர் நிற்கும். பலமாடிக் கார்நிறுத்தத்தில் கூரையுள்ள தளம் கிடைக்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

அடுத்தது இரும்புக்கதை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து உடம்பைத் தாங்குகிறது. எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, கூரையும் இல்லை. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற இரும்பு, சில் என்பார்கள், அதுதான் முதுகெலும்பு. நம் ஊர் ஈரத்தில் துரு உள்ளிருந்துதான் வரும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்று கேட்டால் இரும்பு, 'தப்' என்று அடைத்த சத்தம் வந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே பிடி விடுகிறதோ அங்கே இரும்பு இல்லை. பிறகு இரண்டு பேரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து மூடுங்கள். ஆள் இல்லாதபோது சரியாக மூடிய கதவு ஆள் ஏறியதும் உரசினால், வண்டி நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். விற்பவர் கீல்மேல் பழி போடுவார். நம்பாதீர்கள், அடுத்த காரைப் பாருங்கள்.

டி வரிசைக்கு வேறு நோய். அதன் உடம்பு இரும்புத் தகடு, உள்ளே சட்டம் ஆஷ் மரம். இங்கிலாந்துக் குளிரில் எழுபது வருடம் தாங்கிய மரத்துக்கு நம் ஊர் ஈரமும் கரையானும் புதுசு. கதவைத் திறந்து, மேலும் கீழும் லேசாக ஆட்டிப் பாருங்கள். கதவோடு சேர்ந்து தூணும் அசைந்தால் உள்ளே மரம் தூளாகியிருக்கும். அழகில் டிடிக்கு ஈடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சிங்கப்பூரில் முதல் பழைய காராக அதை வாங்குகிறவரைத் தடுப்பது என் கடமை.

மின்சாரப் பாகங்கள் லூக்காஸ் கம்பெனியுடையவை. உலகமெங்கும் பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொன்னதும் சிரிப்பார்கள். பாதிப் பழி அநியாயம். துருப்பிடித்த எர்த் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல 'மர்ம' நோய்கள் தீரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1967 வாக்கு வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். தெரியாமல் புது ரேடியோவை மாட்டினால் புகைதான் வரும்.

பெட்ரோல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் 1998 ஜூலைக்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அந்தக் கார்கள் ஈயப் பெட்ரோலுக்காகச் செய்தவை. எஞ்சின் தலையில் கெட்டியான வால்வு இருக்கைகள் போட்டிருக்கிறார்களா என்று ரசீதோடு கேளுங்கள். போட்டிருந்தால் கவலை இல்லை. போடவில்லை என்றால் விலையில் குறையுங்கள். அதோடு ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்திருப்பது நல்லது. அசல்தன்மை பார்ப்பவர்கள் முறைப்பார்கள். உட்லண்ட்ஸ் நெரிசலில் கொதிக்கப்போவது அவர்கள் வண்டி இல்லையே.

இப்போது, ஏன் எம்ஜி வேண்டாம் என்பதற்கு வருகிறேன். உதிரிபாகம் பிரச்சினை இல்லை. எம்ஜிபிக்கு 1988 முதல் பிரிட்டனில் புது உடம்புக் கூடே செய்து விற்கிறார்கள். பிரச்சினை உங்கள் அப்பாவின் முட்டி. எம்ஜிபியின் இருக்கை ஏறக்குறையத் தரைமட்டத்தில் இருக்கும். உள்ளே போவதென்றால் ஒரு கையைக் கண்ணாடிச் சட்டத்தில் ஊன்றி, பின்பக்கத்தை முதலில் இறக்கி, பிறகு கால்களை ஒவ்வொன்றாக நீட்டி உள்ளே தள்ள வேண்டும். இறங்குவது இன்னும் கஷ்டம். ஐம்பது வயதுக்காரர்களே முனகுகிறார்கள். இருப்பது இரண்டே இருக்கை. அம்மாவும் பேரப்பிள்ளைகளும் கார்நிறுத்தத்தில் நின்று கையாட்ட வேண்டியதுதான். கியர்பெட்டியின் சூடு கால்மாட்டில் இறங்கும். சில மாதம் கழித்து, 'வெயில் அதிகமா இருக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று சொல்ல ஆரம்பிப்பார். பிள்ளைகள் மனம் நோகுமே என்று உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டார். இப்படி மூடிவைத்த கார்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு.

அவருக்கும் வீட்டாருக்கும் பொருந்துவது நான்கு பேர் உட்காரும் அந்தக் காலத்து ஓப்பன் கார். என் முதல் தேர்வு மோரிஸ் மைனர் கன்வர்ட்டிபிள். 1948இல் வந்தது, திறந்த வகை 1969 வரை கிடைத்தது. இருக்கை நாற்காலி உயரத்தில் இருக்கும், கதவு அகலம், பழுது பார்ப்பது சுலபம். மூடிய மைனர் சிங்கப்பூர் சாலைகளில் அன்று எங்கும் ஓடிய கார். அப்பாவுக்கு அதன் சத்தமே பழக்கம். 1098 சிசி எஞ்சின் கொண்டதாகப் பாருங்கள், 1962க்குப் பிறகு வந்தவை. ஒரு எச்சரிக்கை: மூடிய மைனரின் கூரையை அறுத்துவிட்டுக் கன்வர்ட்டிபிள் என்று விற்பது அந்தக் காருக்கே உரிய ஏமாற்று. சேசிஸ் எண் எம்ஏடி என்ற எழுத்துகளில் தொடங்கினால் பிறக்கும்போதே திறந்த கார். எம்ஏஎஸ் என்றால் மூடிய கார். 1950களின் கார்களுக்கு இந்தச் சோதனை செல்லாது, அதனாலும் பிந்தியதைப் பார்க்கச் சொல்கிறேன். அறுத்த காரில் கீழே வலுவூட்டியிருக்கமாட்டார்கள். முன்னே சொன்ன கதவுச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது டிரையம்ப் ஹெரால்ட் கன்வர்ட்டிபிள். தனிச் சேசிஸ் உள்ள கார் என்பதால் கூரை இல்லாதது அதற்குப் பெரிய குறை இல்லை. முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழும்; எஞ்சின் வேலைக்கு டயர்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். ஏறக்குறைய ஏழரை மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடும். பலமாடிக் கார்நிறுத்தத்தின் சுழல்பாதையில் அதன் அருமை தெரியும். இன்னொரு சொந்தமும் இருக்கிறது: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் 1961 முதல் சென்னையில் இதைச் செய்தார்கள். ஊரில் பெரியப்பா, மாமா யாராவது ஓட்டியிருந்தால் வாட்ஸ்அப்பில் படம் போட்ட அன்றே அறிவுரை வந்து குவியும்.

பழைய கார் வேண்டும், பழைய காரின் தொல்லை வேண்டாம் என்றால் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது, அந்த முதல் கார்கள் 35 வயதைத் தாண்டிவிட்டன. ஜப்பானியக் கார், ஒழுகாது, வழியில் நிற்காது. ஆனால் அப்பாவின் கதையில் அதற்கு இடமில்லை, இருக்கையும் தாழ்வுதான். உங்களுக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் செய்யச் சொன்ன அந்தச் சுற்று எப்படி என்று சொல்லிவிடுகிறேன். திருமணங்களுக்குப் பழைய கார்களை ஓட்டுநரோடு வாடகைக்குத் தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான்கு பேர் உட்காரும் திறந்த கார் இருக்கிறதா, வாடகைக்கு ஓட்ட அனுமதியும் காப்புறுதியும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேசியா-சிங்கப்பூர் விண்டேஜ் கார் அமைப்பில் உறுப்பினர்கள் உண்டு. விஷயத்தைச் சொன்னால் மனம் இளகுகிறவர்கள். ஒரு பெரியவரின் பள்ளிக்காலக் கதைக்காகக் கேட்கிறோம் என்றால், தங்கள் 45 நாளில் ஒன்றை விட்டுத்தர யாராவது முன்வரலாம். காரின் விலையைக் கேட்டு அவர்களை நோகடிக்காதீர்கள்.

அப்பா ஓட்ட வேண்டாம். சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் பாகம்) தேய்ந்த கியரும் பவர் இல்லாத ஸ்டியரிங்கும் முதல் நாளே அவரைச் சங்கடப்படுத்தும். பக்கத்து இருக்கையில் உட்காரட்டும். அன்று அவர் பார்த்துப் பொறாமைப்பட்டதும் பெரும்பாலும் அந்த இருக்கையைத்தான். பின்னிருக்கைக்கு அவரோடு படித்தவர்களில் ஒருவரை அழையுங்கள். இதில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தளத்துக் குடியிருப்புகள் கலைந்த பிறகு அந்தக் குடும்பங்கள் ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் என்று பிரிந்தன, ஆனாலும் தொடர்பு முழுக்க அறவில்லை. அன்று கான்பரா ரோட்டுப் பக்கம் இருந்து இப்போது ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரத்தன்று போய் நின்று விசாரித்தால், பழைய நேவல் பேஸ் ஆட்கள் நாலு பேராவது கிடைப்பார்கள். திருவிழா மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். பிறந்தநாளுக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோயிலிலேயே வேறு ஒரு நாள் கேட்கலாம்.

பாதை: செம்பவாங் பூங்காவில் தொடங்குங்கள், கடலோரத்தில் பியூலியூ ஹவுஸ் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து அட்மிரால்ட்டி ரோடு ஈஸ்ட், கிங்ஸ் அவென்யூ பக்கம். கறுப்பு வெள்ளை பங்களாக்கள் பெரிய மரங்களுக்கு நடுவில் இருக்கின்றன. பிறகு கான்பரா ரோடு. அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது, அதனால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். எது எங்கே இருந்தது என்று இரண்டு பெரியவர்களும் சண்டை போட நேரம் வேண்டும். அப்புறம் செம்பவாங் ரோடு வழியாகப் பழைய அப்பர் தாம்சன் சாலை. பந்தயம் நடந்த வளைவுகள் அப்படியே இருக்கின்றன. இப்போது ஒருவழிப் பாதை, பக்கத்தில் 2019இல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா, குரங்குகள் குறுக்கே வரும். சாப்பாட்டுப் பொட்டலம் எதையும் திறந்த காரில் வெளியே தெரிய வைக்காதீர்கள்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினால் பத்துக்குள் முடித்துவிடலாம். அதற்கு மேல் வெயில் பொறுக்காது. மார்ச்சில் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். ஏப்ரலுக்குத் தள்ளினால் விடியற்காலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் காற்றுமழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தாடைப் பட்டியுள்ள தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு துண்டு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்றால் காலை மாத்திரையைத் தள்ளிப்போட விடாதீர்கள். பின்னால் உங்கள் சொந்தக் காரை ஒருவர் ஓட்டிக்கொண்டு வரட்டும். பழைய கார் நின்றுவிட்டால் பெரியவர்களை ஏற்றிக்கொள்ள உதவும்.